கல்லீரலுக்குக் குடிவந்தவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

நேற்று என் கல்லீரலுக்குப் புதுக் குடித்தனம் வந்தது. விலாவுக்குக் கீழே ஓர் ஊசி, அதன் வழியே மெல்லிய குழாய், குழாய்க்குள் பழுப்பாக ஒரு திரவம். பார்ப்பதற்கு நீர்த்துப்போன சத்துமாவுக் கஞ்சிதான். யாரோ ஒரு புண்ணியவான் விட்டுப்போன கல்லீரலைப் பிரித்து எடுத்த செல்கள் அதில் கோடிக்கணக்கில் இருந்தனவாம். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்பதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். இனிமேல் எனக்குக் கருவாடு பிடிக்காமல் போனால் சைவக்காரர் என்று நானே தெரிந்துகொள்வேன்.

புது நாட்குறிப்பு என்பதால் முறைப்படி என்னைப் பற்றி. பெயர் காளீஸ்வரி, வயது இருபத்து மூன்று, ஊர் சிவகாசி, கண் மஞ்சள். பிறந்ததிலிருந்தே மஞ்சள். ரத்தத்தில் சேரும் ஒரு மஞ்சள் கழிவைக் கல்லீரல்தான் பக்குவம் செய்து வெளியே அனுப்ப வேண்டும். என் கல்லீரல் மற்ற வேலைகளையெல்லாம் ஒழுங்காகப் பார்க்கும், அந்த ஒன்றை மட்டும் தொடவே தொடாது. அதனால் ஒரு நாளில் பாதி நேரம் நான் நீல விளக்குகளுக்கு அடியில் படுத்திருக்கிறேன். வெளிச்சம் தோல் வழியாக அந்த மஞ்சளைக் கரைக்கிறது. வயது ஏற ஏறத் தோல் தடித்து விளக்கின் பலன் குறைந்துகொண்டே வருகிறது. மஞ்சள் மூளைக்கு ஏறிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை.

அதற்காகத்தான் இந்தப் பெரிய ஆஸ்பத்திரி. பக்கத்துச் சந்தில் ஒரு மாடி அறை, அதில் விளக்குக் கட்டில், நான், அக்கா சண்முகக்கனி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள், கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அத்தான் சிவகாசியில் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். கட்டிய புருஷனை விட்டுவிட்டு இங்கே எனக்கு ரசம் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

புதுச் செல்கள் தங்கினால் நான் பிழைத்தேன். தங்காவிட்டால் அக்காவின் கல்லீரலில் பாதியை வெட்டி எனக்கு வைப்பார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு ரத்த வகை சேரவில்லை. அக்காவுக்கு மட்டும் எல்லாம் பொருந்துகிறது. அவள் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பொருத்தம் பார்க்கவில்லை. அவளுக்கு இதில் கொஞ்சமும் தயக்கம் இல்லை, எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டாள். எனக்குத்தான் இஷ்டமில்லை. அவளைக் கத்திக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு நான் எழுந்து நடப்பதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவளிடம் சொன்னால் அறை விழும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

டாக்டர் நஸ்ரீன் இன்று வந்து விளக்கினார்.

"உள்ள போன செல்லெல்லாம் இருக்கா, இல்ல காணாமப் போச்சான்னு தெரியணும். ஒவ்வொரு தடவையும் ஊசி குத்திச் சதையை எடுத்துப் பாக்க முடியுமா? அதனால ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் துளியூண்டு இரும்புத் தூள் வச்சு அனுப்பியிருக்கோம். எம்.ஆர்.ஐ. படத்துல இரும்பு இருக்கற இடம் கறுப்பாத் தெரியும். குத்தாம, அறுக்காம, வெளியில இருந்தே பாத்துக்கலாம்."

"பக்கத்து வீட்டுக் குஞ்சோட கலந்துடக் கூடாதுன்னு எங்க ஊர்ல கோழிக்குஞ்சுக்குச் சாயம் பூசி விடுவாங்க டாக்டர். அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்" என்றார். சிரித்தார்கூட. நல்ல டாக்டர்.

ஜூன் 5, வியாழன்

எதிர்மாடிக்காரர் எங்கள் ஜன்னலில் நீல வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கொசு மெஷின் எங்கே வாங்கியது என்று அக்காவிடம் கேட்டாராம். சிவகாசியில் சொல்லிச் செய்தது, ஒரு கொசு வராது என்று இவளும் சொல்லிவைத்திருக்கிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் இருப்பவர் தயாளன் அண்ணன். தோடு, கொலுசு, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டு, "அரைஞாண் கயித்துல தாயத்து கீயத்து இருக்காம்மா?" என்றார்.

"இல்லண்ணே."

"இப்பவே சொல்லிடு. போன வாரம் ஒரு பெரியவர் இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டு உள்ள போனார். படத்துல பாத்தா தொப்புள் பக்கத்துல பெரிய கிணறு. சாமி விஷயம், கழட்டக் கூடாதுன்னு வேட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கார்."

உள்ளே சத்தம் எங்கள் ஊர் அச்சகங்களைத் தோற்கடித்துவிடும். மூச்சை இழு, அடக்கு, விடு என்று ஒலிபெருக்கியில் ஓர் அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். விடு என்று சொல்ல அவள் மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் ஒரே கவலையாக இருந்தது.

டாக்டர் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறக் கல்லீரல், அதில் முறுக்கில் எள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். எல்லாம் என் குடித்தனக்காரர்கள். ஓரத்தில் தனியாக ஒன்று நின்றது. அதற்குப் பெரியப்பா என்று பெயர் வைத்தேன், எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவர் அப்படித்தான் ஒதுங்கி நிற்பார். அக்கா படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கேலி செய்தேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

ரத்தத்தில் மஞ்சள் அளவு இருபத்தாறு. சாதாரண மனிதர்களுக்கு ஒன்றுகூட இருக்காது. அது இறங்க நாளாகும், அதுவரை படத்தைத்தான் நம்ப வேண்டும் என்றார் டாக்டர்.

ஜூன் 14, சனி

கீழ்வீட்டில் கருவாடு வறுத்தார்கள். எனக்கு எச்சில் ஊறியது, ஆக செல் கொடுத்தவர் சைவம் இல்லை. அக்காதான் வாயைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். பள்ளிக்கூடத்து டிபன் பாக்ஸில் கருவாட்டுத் தொக்கு கொண்டுபோய் வகுப்பையே காலி செய்தவள் இவள். நகரத்துக்கு வந்து ஒரு மாதத்தில் இவ்வளவு நாகரிகம் ஆகாது.

சோம்பலும் வந்துவிட்டது. உட்கார்ந்தால் தூங்குகிறாள், நின்றால் சுவரில் சாய்கிறாள். இங்கே வந்ததும் எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் நாப்கின் வாங்கினோம். பாதி அப்படியே மிச்சம். நான் சிக்கனக்காரி ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

ஜூன் 18, புதன்

காய்கறி வாங்கிவருகிறேன் என்று காலையில் போன அக்கா மத்தியானம் ஒரு கட்டு கொத்தமல்லியோடு வந்தாள். வேறு ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "எல்லாம் வாடிப்போயிருந்துச்சு" என்றாள். இவளும்தான் வாடிப்போயிருந்தாள். மதியத்துக்கு மல்லிச் சட்னியும் சோறும்.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டாவது படம். எள் குறைந்துவிட்டது.

எனக்கே தெரிந்தது, டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பாவைக் காணோம். கூட்டமாக இருந்த இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. மஞ்சள் அளவு இருபத்தைந்து, அதாவது அசையவில்லை.

"இப்பவே எதுவும் சொல்ல முடியாது. ஜூலை எட்டு இன்னொரு படம் எடுப்போம். அதுலயும் இப்படியே இருந்தா நாம காத்திட்டு இருக்க வேண்டாம். அக்கா தயாராத்தானே இருக்காங்க?"

"தயார் டாக்டர்" என்றாள் அக்கா. கடைக்காரன் சில்லறை இருக்கா என்று கேட்டால் இருக்கு என்று சொல்வது போல அவ்வளவு சட்டென்று. ஆனால் வெளியே வந்ததும் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அவளுக்கும் பயம் இருக்கிறது என்று இன்றுதான் எனக்கு உறைத்தது.

இந்த வெட்டுக்குத்து நடக்கக் கூடாது. நான் விடப்போவதில்லை.

ஜூன் 25, புதன்

இரும்பு இருந்தால் கறுப்பாகத் தெரியும். கறுப்பாகத் தெரிந்தால் அக்காவை வெட்ட மாட்டார்கள். என்னிடம் குறைவது இரும்பு, அவ்வளவுதானே!

ஜூன் 27, வெள்ளி

தெய்வம் என் பக்கம் இருக்கிறது. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று நான் அக்காவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். இன்று சீப்புத் தேடி அவள் தோள்பையைத் துழாவினால் துணிகளுக்கு அடியில் ஓர் அட்டை மாத்திரை. இரும்புச் சத்து மாத்திரை! பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை வரிசையில் நிற்கவைத்து டீச்சர் கண்ணெதிரே விழுங்கச் சொல்வார்களே, அதேதான். அப்போது நீலமாக இருந்தது, இது சிவப்பு. அரசாங்கம் நிறத்தை மாற்றிவிட்டது போல.

அக்காவுக்கு எதற்கு இரும்பு என்று யோசித்தேன். முடி கொட்டுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தாள், அதற்காக இருக்கும். முடி முளைத்துக்கொள்ளும். ஈரல் விஷயம் அப்படி இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 2, புதன்

தினம் ஒரு மாத்திரை போகிறது. டாக்டர் கொடுத்த மாத்திரைகள் காலை, மாலை தனி. கழிப்பறைச் சமாச்சாரமெல்லாம் எழுதக் கூடாதுதான், ஆனாலும் எழுதுகிறேன். தார் ரோடு. வயிறும் பிடித்துப் பிடித்து இழுக்கிறது. கறுப்பு வெளியே வரைக்கும் வந்துவிட்டது என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

நேற்று அக்கா பையைக் கவிழ்த்துத் தேடினாள். மறுபடி தேடினாள். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள்.

"என்னக்கா தேடுற?"

"ஒண்ணுமில்ல, ஒரு ஊக்கு."

ஊக்கைத் தேடுகிறவள் இப்படி முகம் வெளுக்க மாட்டாள். மாத்திரையைக் காணோம் என்று கேட்டால் கொடுத்துவிடலாம் என்று கொஞ்சம் மனம் இளகியது. அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் வெளியே போய் வந்தாள், இன்று பையில் புது அட்டை இருந்தது. அதிலிருந்து நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

அக்கா மொட்டைமாடியில் நின்று யாரிடமோ போனில் குசுகுசுவென்று பேசினாள். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள். பத்தாம் தேதி வியாழக்கிழமை பல் டாக்டரிடம் போகிறாளாம். கடைவாய்ப்பல் வலி. "நானும் வரேன்" என்றேன். "நீ எதுக்கு, விளக்குல படு" என்று எரிந்து விழுந்தாள். பல்வலிக்காரி என்னவோ இரண்டு பக்கமும் மென்று அரை டஜன் இட்லி சாப்பிட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். வெறும் வயிறுதான். மாத்திரை என்ன சாப்பாடா? மிச்சமிருந்த நான்கையும் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் போனேன். பரீட்சைக்கு முன்னால் கடைசியாகப் புத்தகத்தைப் புரட்டுவதில்லையா, அந்த எண்ணம்தான்.

ஸ்கேன் பாதியில் நின்றது. தயாளன் அண்ணன் உள்ளே வந்தார். "ஏம்மா, நிஜமாவே தாயத்து எதுவும் இல்லியே?" என்று கேட்டுவிட்டு, ஒரு நர்ஸம்மாவைக் கூப்பிட்டு என் இடுப்பைச் சுற்றித் தடவிப் பார்க்கச் சொன்னார். மறுபடி எடுத்தார்கள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், மூன்று பேர், கடைசியில் டாக்டர் நஸ்ரீன்.

அக்காவையும் என்னையும் அறைக்கு அழைத்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரு கறுப்பு, ஈரலின் இடது பக்கத்தையே மூடிக்கொண்டு இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"செல்லெல்லாம் பெருகிடுச்சு போல டாக்டர்."

"வயித்துக்குள்ளயா?"

டாக்டர் பேனாவால் அந்தக் கறுப்பைச் சுற்றிக் காட்டினார்.

"இது இரைப்பை. இங்க நாலு இருக்கு, வட்ட வட்டமா. இதோட நிழல் விழுந்து ஈரல்ல பாதி தெரியவே இல்ல. இன்னைக்கு எடுத்த படம் குப்பைக்குத்தான். காளீஸ்வரி, என்ன முழுங்கின?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அது வயிற்றுக்குள்ளேயே எட்டிப் பார்க்கும் மெஷின். அதன் முன்னால் என்ன பொய் சொல்லி என்ன? எல்லாவற்றையும் சொன்னேன். இரும்பு போட்டால் கறுப்பாகும் என்று, கறுப்பாகிவிட்டால் அக்காவை வெட்ட மாட்டீர்கள் என்று. சொல்லும்போதே எவ்வளவு முட்டாள்தனம் என்று எனக்கே தெரிந்தது. டாக்டர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"மாத்திரை ஏது?"

"அக்கா பையில இருந்துச்சு." காலி அட்டை என்னிடம்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுக்கற மாத்திரை. எத்தன மாசம்?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "மூணு ஆகப்போகுது. ரத்தம் கம்மியா இருக்குன்னு இப்பவே குடுத்தாங்க" என்றாள்.

கருவாடு, தூக்கம், கொத்தமல்லி, மிச்சமிருந்த நாப்கின். எல்லாவற்றையும் இந்தக் கையால் எழுதிவைத்துவிட்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"கர்ப்பமா இருந்தா ஈரல் குடுக்க முடியாது. முதல் நாளே சொன்னோம்ல?"

"தெரியும் டாக்டர். வியாழக்கிழமை ஒரு லேடி டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். அதுக்கப்புறம் ஒண்ணும் இருக்காது. நீங்க எப்ப வேணா ஆபரேஷன் வச்சுக்கலாம்."

வியாழக்கிழமை. பல் டாக்டர்.

"கலைக்கப் போறவங்க எதுக்கும்மா இந்த மாத்திரைய தினமும் சாப்பிட்டீங்க?" டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார். "தொலைஞ்சப்புறம் போய்ப் புதுசா வேற வாங்கியிருக்கீங்க."

அக்கா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"இருக்கற வரைக்கும் பட்டினி போட முடியுமா டாக்டர்?" என்றாள்.

ஜூலை 9, புதன்

பேச்சு இல்லை. சோறு மட்டும் வந்தது.

ஜூலை 10, வியாழன்

காலையில் அக்கா குளித்துத் தலைவாரிச் செருப்பை மாட்டினாள். நான் விளக்குக் கட்டிலின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"தள்ளுடி."

"போ. நீ போனதும் நான் இந்த வயரை நறுக்கிடுவேன். இனிமே விளக்கும் வேணாம், ஈரலும் வேணாம்."

"காளி, விளையாடாத."

"விளையாடல. என்னைக் கேட்டியா நீ? ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ மட்டும் என்னைக் கேட்டுட்டா என் மாத்திரையத் திருடின? நாலு மாத்திரைய மொத்தமா முழுங்கியிருக்க! பைத்தியக்காரி, உன் உடம்புல அது என்ன பண்ணும்னு யோசிச்சியா?"

"உன்னை வெட்டக் கூடாதுன்னு பண்ணேன்."

"நான் எதுக்குப் பண்ணேன்? உங்கூட வாழ்ந்தது இருபத்து மூணு வருஷம்டி. இதுகூட மூணு மாசம்தான். நான் யாரைப் பாக்கறது? சொல்லு, நீயே சொல்லு!"

கத்தினாள். கீழ்வீட்டில் மிக்ஸி நின்றது. கத்திவிட்டு அப்படியே படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அழுதால் எனக்கு வேடிக்கையாக ஏதாவது சொல்லத் தோன்றும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இன்று ஒன்றும் தோன்றவில்லை. நானும் அழுதேன். என் கண்ணீரும் மஞ்சளா என்று ஒருமுறை அவள் கேட்டிருக்கிறாள். இல்லை, எல்லோரையும் போலத்தான் இருக்கிறது.

"அக்கா, எனக்குச் சாகப் பயமா இருக்கு" என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இந்த நாட்குறிப்பிலும் எழுதவில்லை. "ரொம்பப் பயமா இருக்கு. ஆனா நீ அதுக்குப் பண்ணப்போற காரியத்துல நான் பிழைச்சு வந்தா, உன் மூஞ்சியில என்னால முழிக்க முடியாது. அத்தானுக்குப் போன் போடு. போட்டாத்தான் பிளக்கை மாட்டுவேன்."

அவள் போடவில்லை. நான்தான் போட்டேன். மெஷின் சத்தத்தில் அத்தானுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னம்மா, என்னம்மா என்று கத்தினார். நானும் தெருவுக்கே கேட்கும்படி, "அத்தான், நீங்க அப்பா ஆகப்போறீங்க!" என்று கத்தினேன். எதிர்மாடிக்காரர் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினார். மறுமுனையில் மெஷின் நிற்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அத்தான் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு நான் போய் விளக்கில் படுத்தேன்.

ஜூலை 12, சனி

அத்தானும் அம்மாவும் வந்தார்கள், ஒரு பெட்டி சாத்தூர் சேவோடு. அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், என்னைப் பார்த்து அழுதாள், பிறகு இருவரையும் சேர்த்துத் திட்டினாள். மாத்திரை திருடியதற்கு எனக்குத் தனியாக ஒரு குட்டு.

டாக்டர் அத்தானிடம் பேசினார். அக்காவின் பெயரைக் கொடையாளர் இடத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். செல்கள் தங்கவில்லை என்றால் வேறு யாராவது இறந்துபோய் ஈரல் கிடைக்கும்வரை வரிசையில் காத்திருக்க வேண்டும். அது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

இனி ஏமாற்றுவதற்கு ஒன்றுமில்லை. இப்போதுதான் படத்தைப் பற்றி உண்மையாகப் பயப்படுகிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

இரும்பு மிச்சம் மீதி எல்லாம் வெளியேறட்டும் என்று காத்திருந்து இன்று எடுத்தார்கள். உள்ளே போகும் முன் தயாளன் அண்ணன் வாயைத் திறக்கச் சொன்னார். "நாக்குக்கு அடியில காட்டு" என்றார். அவருக்கு இனி என்மேல் நம்பிக்கை வராது.

படத்தில் புள்ளிகளே இல்லை. நிஜமாகவே இல்லை. கழுவிவிட்ட தட்டு மாதிரி சாம்பலாகக் கிடந்தது ஈரல். அத்தான் என் தோளில் கை வைத்தார். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தால், "ஈரல் குடுக்காம நான்தான் உன்னைக் கொன்னுட்டேன்" என்று சொல்லிவிடுவாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பதினாறு" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"இருபத்தாறுல இருந்தது பதினாறுக்கு வந்திருக்கு. சும்மா இறங்காது."

"ஆனா படத்துல யாருமே இல்லியே டாக்டர்."

"படத்துல தெரியறது இரும்புதான். செல்லு இல்ல. செல்லு செத்து இரும்பு கரைஞ்சாலும் புள்ளி மறையும். ஒரு செல்லு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, இருந்த இரும்பைப் பாகம் பிரிச்சுக்கிட்டாலும் மறையும். சொத்து ஒண்ணுதான், வாரிசு கூடிப்போச்சுன்னா ஒவ்வொருத்தர் கையிலயும் என்ன மிஞ்சும்? படத்தை மட்டும் வச்சு எதுன்னு சொல்ல முடியாது. ஆனா செத்த செல்லு ரத்தத்தைச் சுத்தம் பண்ணாது. உன்னோடது பண்ணுது."

"அப்ப போன மாசம் குறைஞ்சதும்?"

"அப்பவே பிரிய ஆரம்பிச்சிருக்கலாம். ரத்தத்துல தெரியத்தான் நாளாச்சு. நீ கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தா..." என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். மீதியைச் சொல்லவில்லை. நான் பொறுமையாக இருந்திருந்தால் அந்த வியாழக்கிழமை அக்கா பல் டாக்டரிடம் போயிருப்பாள். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முழுக்க நம்பிவிடாதே, இன்னும் ஆறு மாதம் பார்க்க வேண்டும் என்றார். விளக்கில் எட்டு மணி நேரம் படுத்தால் போதுமாம். மீதி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அத்தானோடு சீட்டாடித் தோற்றேன். அவர் ஏமாற்றுகிறார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அக்காவுக்கு ஸ்கேன். அம்மாவும் அத்தானும் ஊருக்குப் போய்விட்டார்கள், ஆகவே நாங்கள் இரண்டு பேர் மட்டும் சந்து முனையில் இருக்கும் ஸ்கேன் சென்டருக்குப் போனோம். எம்.ஆர்.ஐ. இல்லை, வயிற்றில் பசையைத் தடவிப் பார்ப்பது. எனக்கு இதிலும் அனுபவம் உண்டு. வழி நெடுக அக்காவுக்குப் பாடம் எடுத்தேன்: பசை ஜில்லென்று இருக்கும், துள்ளாதே, அழுத்தும்போது கூச்சத்தில் சிரிக்காதே, தண்ணீர் நிறையக் குடித்திருக்கிறாயா என்று. அவள் பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனோம். இருட்டான சின்ன அறை, கட்டில், திரை. நர்ஸம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், "வாங்கம்மா, ஏறிப் படுங்க" என்றார். என்னிடம்தான். நானும் யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றி, போனை அக்கா கையில் கொடுத்து, கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்துவிட்டேன். மேல்சட்டையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஜூன் மாதத்திலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எறங்குடி, எறங்கு. இது எனக்கு" என்றாள்.

இறங்கினேன். அவள் ஏறிப் படுத்தாள். தன் கைப்பை, போன், துப்பட்டா எல்லாவற்றையும் என் கையில் திணித்தாள், என் போனையும் சேர்த்து. இத்தனையையும் வைத்துக்கொண்டு எங்கே நிற்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று வருடமாக எத்தனையோ ஸ்கேன் அறைகளுக்குள் போயிருக்கிறேன், ஒருமுறைகூடக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றதில்லை.

டாக்டரம்மா வந்து பசையைத் தடவினார். அக்கா துள்ளினாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது, நடுவில் ஒன்று துடித்துக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா திரும்பாமலேயே கேட்டார்:

"பேஷண்ட்கூட வந்தது யாரு?"

"நான்தான்" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.

"அந்த நாற்காலியில உக்காருங்க."

நான் உட்காரவில்லை.